வரியழிவும் காண்பானும்

குவாண்டம் கொள்கையை எளிமைப்படுத்தி எழுதுவோருள் ஒரு சாரார், நுண்பொருள் காணப்படுங்கால் துகளாம், காணப்படாக்கால் அலையாம். ஆகவே காண்பானது அறிவே அதன் இயல்பை வகுக்கின்றது என்பர். இக்கூற்றுச் சோதனையொடு பொருந்துமாறில்லை.

1989-இல் ஜப்பானியராகிய அகிரா டோனோமுராவும் அவர்தம் துணைவரும் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இருவழிப்படும் கருவியிற் செலுத்தினர். 10 விழுந்தபோது ஒழுங்கற்ற புள்ளிகளே தோன்றின. 70,000 விழுந்தபின் ஒளியும் இருளுமாகிய வரிகள் தெளிவாய் விளங்கின. இதுவரை யார்க்கும் உடன்பாடே. எவ்வழிச் சென்றது என்பதற்கு அடையாளம் உண்டாயின் அவ்வரிகள் ஒழிதல் ஏன் என்பதே வினா.

அளக்குங் கருவி துகளைத் தாக்கி நிலைகுலைத்தலால் என்பது பழைய விடை. பாடநூல்களும் பெரிதும் அதனையே கூறும். 1998-இல் ஜெர்மனியில் டியூர், நொன், ரெம்பே என்போர் செய்த சோதனை இதனை விலக்கிற்று. அவர்கள் ருபீடியம் அணுவை இருவழிப்படுத்தி, சென்ற வழியை அவ்வணுவின் உள்நிலையிலேயே நுண்ணலையாற் குறித்தனர். அதனால் நேர்ந்த தாக்கு, வரிகளை அழித்தற்கு வேண்டுவதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கே. ஆயினும் வரிகள் மறைந்தன. அவ்வடையாளத்தை எவரும் படித்தறிய வேண்டியதும் இல்லை. என்னை? வழியும் உள்நிலையும் தனித்தனி நில்லாது பிணைந்துவிட்டமையின். 1935-இல் ஷ்ரோடிங்கர் பெயரிட்ட பிணைப்பு இதுவே. வெவ்வேறு அடையாளம் பூண்ட இரண்டு அலைகள் தம்முட் கூடியுங் குறைந்தும் வரி தோற்றுவிக்க மாட்டா. தாக்கும் காரணமன்று, காண்பானும் காரணமல்லன்.

அற்றேல், 2000-இல் கிம், ஷீ முதலியோர் செய்த சோதனையில் அடையாளத்தைப் பின்னர் அழித்தவழி வரிகள் மீண்டனவே; பின்னிகழ்ச்சி முன்னிகழ்ந்ததை மாற்றிற்றன்றோ எனின், அன்று. அங்கே இரட்டையாய்ப் பிறந்த ஒளித்துகள்களுள் ஒன்று முன்னர் விழும். அதன் துணை சில நானோ வினாடி கழித்து வேறிடஞ் சேரும். முன் விழுந்த புள்ளிகளை முழுதும் ஒருங்கு நோக்கின் எஞ்ஞான்றும் வரியில்லை. துணைத்துகள் எக்கருவியைச் சேர்ந்தது என்னுங் குறிப்பைக் கொண்டு பிரித்தெடுத்தாலன்றி அது தோன்றாது. அடையாளம் அழிந்த இரு பிரிவுகளுள் ஒன்றில் ஒளி நிற்குமிடத்து மற்றதில் இருள் நிற்கும். இரண்டையுங் கூட்டின் வரி மறையும். முன் விழுந்த புள்ளி ஒன்றேனும் இடம்பெயர்ந்திலது. இக்கூட்டலை மறைத்துப் பிரிவை மட்டுங் காட்டுவோரே வியப்பை விளைக்கின்றனர்.

அளவையின் முடிவு ஒன்றாய் நிலைபெறுதற்கு உணர்வு வேண்டும் என யூஜின் விக்னர் 1961-இல் எழுதியது மெய்யே. ஆனால் அவர் எடுத்தது வேறு வினா: பிணைந்த பல நிலைகளுள் ஒன்றே காணப்படுதல் எங்ஙனம் என்பது. அவ்வினா இன்றும் முடிவுறாதது. அதனைக் கொண்டு வரியழிவை விளக்கப் புகுதல், காட்சியையுங் காட்சிப்பொருளையும் மயங்கக் கொள்ளுதலாம். அவ்விக்னரே பிற்காலத்துத் தம் கருத்தைக் கைவிட்டமையை, அவரைச் சான்று காட்டுவோர் குறிப்பது அரிது.