தாயின் ஸ்தானத்தில் பதிலி

தருமபுரி மாவட்டத்துப் பள்ளியொன்றில் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியலை எடுத்துப் படிக்கும் மாணவர், தமிழ்நாட்டுப் பாடநூலின் ‘மரபுரிமம்’ என்னும் அத்தியாயத்தில், ஓர் இனக்குழுவின் செயற்கூறுகளை மற்றோர் இனக்குழு சுவீகரித்துக்கொள்ளும் விதத்தைக் கற்றுக்கொள்கிறார். பின்னர் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலோ வேறெங்கோ பயின்று, பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சேரும்போது, அலுவலகத்தில் கிளாஸ் என்றும் மெத்தட் என்றும் வழங்கும் அந்தப் பொருள்களைப் பரிசோதிப்பது எவ்வாறு என்னும் பிரச்சினை அவர் முன் வந்து நிற்கிறது. அப்போது பல இடங்களில் அவருக்குக் கிடைக்கும் உபதேசம், தாய் இனக்குழுவை ‘மாக்’ செய்துவிட்டு, அதாவது அதன் ஸ்தானத்தில் ஒரு பதிலியை நிறுத்திவிட்டு, யூனிட் டெஸ்ட் எழுது என்பதாகும். இந்த உபதேசத்தில் சாரமும் உண்டு, அபாயமும் உண்டு. ஆனால் இரண்டும் சம அளவில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் விவசாயிகள் கூடுகளைக் கொண்டுவந்து குவிக்க, நூற்பாளர்கள் ஏலம் கேட்க, எடையும் விலையும் சேர்ந்து தொகை தீர்மானமாகிறது. இதற்கு ஒரு நிரல் எழுதுவதாகக் கற்பனை செய்தால், ‘பட்டுக்கூடு’ என்பது தாய் இனக்குழு. எடையை ஏல விலையால் பெருக்கிக் கட்டணத்தைக் கழித்துக் கொடுக்கும் ‘தொகை’ அதன் செயற்கூறு. ‘வெண்பட்டுக்கூடு’ என்னும் சேய் இனக்குழு, தாயின் ‘தொகை’யை அழைத்து, வந்த விடையோடு ஊக்கத்தொகையைக் கூட்டுகிறது.

இந்த நிரலுக்கு வெளியே மின்னணுத் தராசு ஒன்று இருக்கிறது. பணத்தை விவசாயியின் கணக்கில் சேர்க்கும் வங்கிச் சேவை ஒன்றும் இருக்கிறது. இவற்றின் ஸ்தானத்தில் மாக் என்னும் பதிலியை நிறுத்துவது மிகவும் சிலாக்கியமான காரியம். தராசு இல்லாத அறையில், இணையம் அறுந்துபோன வேளையில்கூட, தன் நிரல் சரியாக நடக்கிறதா என்பதைச் சில நொடிகளில் ஒருவர் கண்டுகொள்ளலாம். வங்கிச் சேவை பாதியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை, உண்மையில் அது நிற்கும்வரை காத்திராமல், இன்றைக்கே பரீட்சித்துவிடலாம். 2000-ஆம் ஆண்டில் இத்தாலியின் சார்டீனியாவில் நடந்த மாநாட்டில் டிம் மெக்கின்னன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் கிரெய்க் ஆகியோர் மாக் பொருள்களைப் பற்றிய கட்டுரையைச் சமர்ப்பித்தபோது, அவர்கள் கண்ட பிரயோஜனம் இந்த வகையைச் சேர்ந்தது: ஒரு பொருள் தன் அண்டையிலுள்ள பொருள்களோடு எப்படிப் பேசுகிறது என்பதை, அந்த அண்டைப் பொருள்களின் பாரம் இல்லாமல் கவனிப்பது.

ஆனால் தாய் அண்டைவீட்டுக்காரி அல்லள். சேய் இனக்குழுவின் செயல் தாயின் செயலோடு பின்னிக் கிடக்கிறது; மரபுரிமம் என்று சொல்வதே அந்தப் பிணைப்பைத்தான். தாயின் ‘தொகை’யை மாக் செய்து, அது எப்போதும் 10,000 என்று விடை தரும்படி வைத்து, 500 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 10,500 வருகிறது என்று சோதனை வென்றதற்கான பச்சை விளக்கு எரிவதைக் கண்டு திருப்தியடைகிறோம். சில மாதம் கழித்து, சில்லறைப் பிழைகளைத் தவிர்க்கும் நல்லெண்ணத்தோடு ஒருவர் தாயின் கணக்கை ரூபாயிலிருந்து பைசாவுக்கு மாற்றுகிறார். அன்றுமுதல் ஊக்கத்தொகை 500 பைசாவாகத்தான் சேரும். விவசாயியின் கைக்கு 500 ரூபாய்க்குப் பதில் 5 ரூபாய் போகும். நம்முடைய சோதனையிலோ பச்சை விளக்கு எரிந்தபடியே இருக்கும், ஏனெனில் அதற்குத் தெரிந்த தாய் இன்னமும் 10,000 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பைத்தானின் மாக் நூலகத்தில் உள்ள ஆட்டோஸ்பெக் போன்ற வசதிகள், செயற்கூற்றின் பெயரோ ஏற்கும் மதிப்புகளின் எண்ணிக்கையோ மாறினால் எச்சரிக்கும். விடையின் அர்த்தம் மாறியதை அவை அறியமாட்டா.

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. தாயின் செயற்கூறு ஒரே முறை, இன்ன மதிப்புகளோடு அழைக்கப்பட்டதா என்று சோதிக்கும் வழக்கத்தால், விடை அணுவளவும் மாறாமல் நிரலைச் செம்மைப்படுத்தினாலும் சோதனை தோற்கிறது. பிழை நேரும்போது மௌனமாயிருந்து, பிழையில்லாதபோது கூக்குரலிடும் காவலை எவர் விரும்புவார்?

பழைய நிரல்களைக் கையாள்வோருக்கு ஒரு விலக்கு அளிக்க வேண்டும். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் வெளியிட்ட நூலில், சோதனையே இல்லாத பழைய இனக்குழுவிலிருந்து ஒரு சேயைப் பிறப்பித்து, தரவுத்தளத்தைத் தொடும் செயற்கூற்றை மட்டும் அதில் மாற்றி எழுதி, முதல் சோதனையைப் பெற வழி சொல்கிறார். அது கட்டடம் எழும்வரைக்குமான சாரம். எழுந்த பின் பிரித்துவிட வேண்டியது. மற்ற இடங்களில், தாய்க்கு எழுதிய சோதனைகளைச் சேய்கள் ஒவ்வொன்றின்மீதும் ஓட்டுவதும், உண்மைத் தாயோடு உண்மைச் சேயை நிறுத்திச் சோதிப்பதும் உத்தமம். அதுவும் கஷ்டமாயிருந்தால், குறை சோதனையில் இல்லை, மரபுரிமத்தைத் தேர்ந்துகொண்டதில் இருக்கிறது. மரபுரிமத்தைவிட, ஒரு பொருள் மற்றொன்றைத் தன்னுள் வைத்துப் பயன்படுத்தும் சேர்க்கையை விரும்புக என்று எரிக் காமா முதலிய நால்வர் 1994-இல் கூறிய யோசனையை அங்கே நினைத்துப் பார்க்கலாம்.

1996 ஜூன் 4 அன்று ஆரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே வெடித்துச் சிதறியதை இங்கே கூறாமல் இருக்க முடியவில்லை. அது கண்டிப்பான அர்த்தத்தில் இனக்குழு மரபுரிமம் அன்று. ஆயினும் ஆரியன் 4-இன் திசையறி சாதனத்துக்கு எழுதிய நிரலை ஆரியன் 5 சுவீகரித்திருந்தது. புதிய ராக்கெட்டுக்குப் புறப்பட்ட பின் தேவையே இல்லாத ஒரு கணக்கு அதில் ஓடிக்கொண்டிருக்க, எஞ்சின் மூண்டு சுமார் 37 வினாடியில், 64 பிட் எண்ணொன்று 16 பிட் முழு எண்ணில் அடங்காமல் போய், உபரிச் சாதனம், பிரதான சாதனம் இரண்டும் அடுத்தடுத்துச் செயலிழந்தன. முழு அமைப்பைத் தரையில் சோதித்தபோது, உண்மைச் சாதனத்தின் ஸ்தானத்தில் அதைப் போலப் பேசும் பதிலி நிரலே வைக்கப்பட்டிருந்தது. சாதனம் தனி அளவிலேயே முழுத் தகுதி பெற்றது என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். விபத்துக்குப் பின், சாதனத்தின் உண்மை நிரலையும் ஆரியன் 5 சென்ற பாதையின் விவரங்களையும் வைத்துப் பாவனை ஓட்டம் நடத்தியபோது, தோல்விக்கு இட்டுச்சென்ற நிகழ்ச்சிகள் அதே வரிசையில் மீண்டும் நேர்ந்தன என்று லயன்ஸ் என்பவர் தலைமையிலான விசாரணைக் குழு தன் அறிக்கையில் பதிவுசெய்தது.