உடைக்காமல் கேட்பது

எஃகுக் கம்பியின் தரத்தை அறிய அதை முறுக்கிப் பார்ப்பார்கள். விட்டத்தைப்போல் நூறு மடங்கு நீளம் எடுத்து, இரு முனைகளையும் பிடியில் மாட்டி, ஒரு முனையைச் சீரான வேகத்தில் சுற்றிக்கொண்டே போவார்கள். எத்தனை சுற்று தாங்குகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. ஆனால் கைதேர்ந்த பரிசோதகர் எண்ணை ஏட்டில் எழுதியதும் குனிந்து முறிந்த முகத்தைப் பார்ப்பார். நல்ல கம்பி குறுக்கே மட்டமாக முறிந்திருக்கும். ஆலையில் இழுத்து மெலிதாக்கும்போதே உள்ளுக்குள் கெட்டுப்போன கம்பி நீளவாக்கில் பிளந்து, அந்தப் பிளவு சுருளாகச் சுற்றி ஏறியிருக்கும். ஏட்டில் இரண்டுமே தேறியிருக்கலாம். முறிவைப் பார்த்தவருக்கு இரண்டும் வேறு வேறு கம்பி. பொருள்களின் உறுதியையும் குறையையும் சோதிக்கும் தொழிலை நான் ஒரு கலையாக ரசிப்பதற்கு முதல் காரணம், அப்படிக் குனிந்து பார்க்கும் பார்வைதான்.

குரங்கணிக்கும் எஃகுக் கம்பிக்கும் பழைய உறவு உண்டு. போடியிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டிப் போகும் சாலை மலைக்குள் முட்டி நிற்கிற இடம் அது. தலைக்கு மேலே, கேரள எல்லையை ஒட்டி டாப் ஸ்டேஷன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணன் தேவன் மலைகளின் தேயிலை மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக அந்த முனைக்கு வந்து சேர்ந்தது. 1902-இல் அதற்கென வண்டிப்பாதை போட்டார்கள். பிறகு அதே பாதையில் ஒற்றைத் தண்டவாளம் பதித்து, சிறு சக்கரம் தண்டவாளத்திலும் பெரிய சக்கரம் சாலையிலுமாக ஓடும் வண்டியை மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். 1908-இல் அது இரண்டடி அகலக் குறும்பாதை ரயிலானது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. டாப் ஸ்டேஷனுக்குப் பிறகு மலை செங்குத்தாக விழுகிறது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு, சுமார் ஐந்து கிலோமீட்டர் கீழே, குரங்கணிப் பக்கத்துக் கொட்டகுடி அடிவாரத்தில் இறக்கினார்கள். அங்கே மாட்டுவண்டி காத்திருக்கும். போடி பதினைந்து கிலோமீட்டர். இன்றும் அந்தச் சரிவில் ஏறுகிறவர்கள் வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற சிற்றூரைக் கடக்கிறார்கள். கம்பிவடம் போய்விட்டது, நிலையம் பெயரில் நிற்கிறது.

மலைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு கம்பிவடம் தொங்குகிறது என்றால் அதன் நிலைமையை யோசிக்க வேண்டும். மேலே மூடுபனியும் மழையும், கீழே போடி வெயில். ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் ஏறும்போது வளைகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. சுமை அதை ஒரேயடியாக அறுத்துவிடுவதில்லை. வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து, தன் பலத்தின் எல்லையை நெருங்காத சுமையிலேயே எஃகு சோர்ந்துபோகிறது. இதை முதலில் கணக்கெடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட். சுரங்கத்தில் பளு தூக்கும் இரும்புச் சங்கிலிகள் காரணம் தெரியாமல் அறுந்துகொண்டிருந்தன. 1829-இல் அவர் சங்கிலிகளைச் சுமையோடு திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். சங்கிலியில் ஒரு வளையம் போனால் எல்லாம் போயிற்று. 1834-இல் அவர் கம்பிகளை முறுக்கி வடமாக்கினார். அதுவே இன்றைய கம்பிவடங்களின் மூதாதை. சோதித்துப் பார்த்த மனிதரே புதுப்பொருளையும் கண்டுபிடித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த வரலாறு.

கம்பிவடத்தின் பெருந்தன்மை, அது முன்கூட்டியே சொல்லிவிடுவது. ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் உரசலால் அதைப் பிடித்துக்கொள்ளும். சற்றுத் தள்ளி அதே அறுந்த கம்பி மறுபடி தன் பங்குச் சுமையை ஏற்கும். ஆகவே பார்க்கத் தெரிந்தவருக்கு அவகாசம் இருக்கிறது. கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக ஓடும் வடத்தின் மீது லேசாகப் பிடித்திருப்பது பழைய முறை. அறுந்த கம்பியின் முனை துணியைக் கவ்வும். உடனே வடத்தை நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் எத்தனை அறுவை என்று எண்ண வேண்டும். பிறகு காலிப்பரால் விட்டம் பார்க்க வேண்டும். வடத்தின் நடுவில் எண்ணெய் ஊறிய நார்க் கரு ஒன்று இருக்கும். விட்டம் திடீரென்று குறைந்திருந்தால் அந்தக் கரு நசுங்கியோ உலர்ந்தோ போயிருக்கிறது. உலர்ந்த கருவைச் சுற்றித் துரு உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். வெளிக்கம்பிகள் பளபளவென்று கிரீஸ் பூசிக் கிடக்க, உள்கம்பிகள் பொடியாகிக்கொண்டிருக்கும்.

அந்த உள்துருவைத் துணியும் காட்டாது, கண்ணும் காட்டாது. குரங்கணி மலையில் தேயிலை இறங்கிய அதே காலத்தில்தான், 1906-இல், தென்னாப்பிரிக்காவில் மெக்கான், கோல்சன் என்ற இருவர் கம்பிவடத்தைக் காந்தமாக்கிப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். எஃகுக்குள் காந்தப்புலம் இடைவெளியில்லாமல் ஓட விரும்பும். கம்பி அறுந்த இடத்தில் வழி தடைப்பட்டு வெளியே கசியும். துரு தின்று பருமன் குறைந்த இடத்தில் மொத்தப் புலமும் குறையும். ஆக ஒரே காந்தம் இரண்டு கேள்விக்கு விடை சொல்கிறது: எங்கே அறுந்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது. வடத்தை அவிழ்க்கவில்லை, வெட்டவில்லை. நூறாண்டுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. சுரங்கத்து வடங்களையும் மலைக் கயிற்றுப்பாதை வடங்களையும் இன்றும் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

பழநி அடிவாரத்தில் நிற்கிறவர்களுக்கு இந்தத் தொழில் வேறொரு முகம் காட்டும். 2004 முதல் அங்கே ரோப்கார் ஓடுகிறது. மாதத்தில் ஒருநாளும், ஆண்டில் பல வாரங்கள் சேர்ந்தாற்போலும் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். வரிசையில் நிற்கும் பக்தர்களுக்கு அது ஏமாற்றம். எனக்கோ, அந்த அறிவிப்புப் பலகையைவிட நம்பிக்கை தரும் வாசகம் மலையில் வேறில்லை. ஓடாத நாள்களில் கழற்றிப் பார்த்த உருளைகளாலும், சோதித்துப் பார்த்த வடத்தாலும்தான் ஓடுகிற நாள்கள் நிம்மதியாகக் கழிகின்றன.

உடைத்துப் பார்ப்பதற்கும் ஒரு பெருமை உண்டு, அதை மறுக்க மாட்டேன். லண்டன் சவுத்வார்க்கில் டேவிட் கிர்கால்டி என்ற பொறியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தன் சோதனைச்சாலையை நடத்தினார். நாற்பத்தேழு அடி நீள எந்திரத்தில் இரும்பை இழுத்தும் நசுக்கியும் முறித்தும் பார்த்தார். 1879-இல் ஸ்காட்லாந்தின் டே பாலம் இடிந்தபோது அதன் துண்டுகள் அவரிடம்தான் வந்தன. முறிந்த துண்டுகளுக்கென்றே ஒரு காட்சிக்கூடமும் வைத்திருந்தார். முறிவை அலமாரியில் அடுக்கி வைத்துப் போற்றிய மனிதரை என் இனத்தவராகவே நினைக்கிறேன். ஆனால் அவர் முறித்த துண்டு தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறது. பாலத்தில் ஏறுவது வேறொரு துண்டு. அந்த இன்னொன்றின் உள்ளத்தை அதை உடைக்காமலே அறிவதுதான் இந்தக் கலையின் உச்சம் என்பது என் முடிவு.

நம் சிற்பிகள் அதைக் காதால் செய்தார்கள். கல்லைத் தட்டி, மணியோசை எழுந்தால் ஆண் கல் என்றும், வெண்கலத் தாளத்தின் ஓசை வந்தால் பெண் கல் என்றும் வகுத்தார்கள். ஓசையே எழாத கல்லைத் திருமேனிக்கு எடுப்பதில்லை. ரயில் நிலையங்களில் நீண்ட காம்பு வைத்த சுத்தியலால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நடந்தவரின் கணக்கும் இதுவே. முழுமையான பொருளில் அதிர்வு தங்கு தடையின்றிச் சுற்றிவரும், ஓசை நீளும். விரிசல் இருந்தால் அதன் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடும், ஓசை உடனே சாகும். ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள், பல்தேவ் ராஜ் உள்ளிட்டோர், ஒருமுறை ஆராய்ந்தார்கள். அணு உலைக் குழாய்களில் குறை தேடும் அதே அறிவோடு போய், அந்தத் தூண்கள் உள்ளீடற்றவையல்ல, கெட்டியான கருங்கல்லே, வளைந்து அதிரும் அதிர்வில்தான் அந்தச் சுரங்கள் பிறக்கின்றன என்று காட்டினார்கள். உலையில் சோடியம் ஓடும் குழாய்க்கும் கோயில் தூணுக்கும் ஒரே காது போதுமாக இருந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அதே காது தண்டவாளத்துக்கும் வேண்டும். குரங்கணி வழியே இறங்கிய தேயிலை பிற்பாடு போடியிலேயே ரயில் ஏறியது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் வந்தது. அந்த ரயிலில் போனவர்களுக்கு ‘தடக் தடக்’ தாளம் நினைவிருக்கும். தண்டவாளத் துண்டுகள் சேரும் இணைப்புகளின் ஓசை அது. ஒவ்வோர் இணைப்பிலும் போல்ட் துளைகள் இருந்தன. துளையின் விளிம்பிலிருந்து நட்சத்திரக் கிளைகளாக விரிசல் ஓடுவது பழைய நோய். 2010 இறுதியில் அந்தப் பாதையை மூடி அகலப்பாதையாக்கினார்கள். தேனி வரை 2022-லும், போடி வரை 2023 ஜூன் மாதத்திலும் ரயில் வந்தது. இப்போது தண்டவாளங்களை வெல்டிங் செய்து நீளமாக ஒட்டுகிறார்கள். தாளம் போயிற்று, கவலை வெல்டிங்குக்கு இடம் மாறிவிட்டது. மார்கழிக் குளிரில் தண்டவாளம் சுருங்க முயலும். சுருங்க இடமில்லாமல் இழுபட்டு நிற்கும். உள்ளே விரிசல் இருந்தால் அந்த விடியற்காலைதான் அது வாய் திறக்கும். ஆகவே அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

கேட்பது மனிதக் காதால் அல்ல. சோவியத் நாட்டின் சொக்கோலோவ் 1928-இல் உலோகத்தில் குறை தேட மீயொலியைப் பயன்படுத்தலாம் என்றார். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 1940-களின் தொடக்கத்தில் எதிரொலியைப் பிடிக்கும் கருவியாகவே அதைச் செய்தார். நம் ரயில்வேயில் அந்தக் கருவி ஒரு கைத்தள்ளு டிராலியில் உட்கார்ந்திருக்கிறது. ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோப் தண்டவாளத்தின் தலையில் உரசிப் போகும். இடையில் காற்று புகுந்தால் ஒலி திரும்பிவிடும் என்பதால் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நொடிக்கு நாற்பது லட்சம் அதிர்வுள்ள ஒலி எஃகுக்குள் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. 172 மில்லிமீட்டர் உயரமுள்ள தண்டவாளத்தின் அடியைத் தொட்டுத் திரும்ப, நொடியில் பதினேழாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்கு முன்பே ஓர் எதிரொலி வந்தால் நடுவில் ஏதோ இருக்கிறது.

இங்கேதான் கலை தொடங்குகிறது. நேர் கீழே போகும் ஒலி, படுத்துக்கிடக்கும் குறையை எளிதில் பார்த்துவிடும். ஆனால் தண்டவாளத்தை இரண்டாக்குவது பெரும்பாலும் குறுக்கே நிற்கும் விரிசல். மேலிருந்து பார்த்தால் அதன் விளிம்பு மட்டும்தான் தெரியும், அதுவும் ஒரு கோட்டைவிட மெலிதாக. ஆகவே எழுபது பாகையில் சாய்ந்த புரோப்கள், முன்னே நோக்கி ஒன்று, பின்னே நோக்கி ஒன்று. ஒரு குறைக்கு அதன் முகம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே ஊகித்து, அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்பது. எஃகுக்குள் நுழையாமலே அதற்குள் நடமாடத் தெரிந்திருக்க வேண்டும். வெல்டிங் இருக்கும் இடத்தில் அதன் மேடும் பள்ளமும் பொய் எதிரொலி தரும். திரையில் எழும்பும் ஒவ்வொரு முள்ளும் குறையல்ல. புரோப்பைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தி, முள் திரையில் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்து, இது உருவத்தின் சாயல், இது உண்மையான வெடிப்பு என்று பிரிக்கிறார் பரிசோதகர். பதிவுகளைக் கணினி சேர்த்து வைக்கலாம். அந்தப் பிரிப்பை நான் இன்னும் மனிதரிடம்தான் விடுவேன்.

காலையில் தொடங்கும்போது அவர் செய்யும் ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வேண்டுமென்றே துளையிட்ட ஒரு தண்டவாளத் துண்டின் மீது கருவியை வைப்பார். துளை எங்கே, எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியும். அதன் எதிரொலி திரையில் இன்ன உயரம் எழும்பும்வரை கருவியைத் திருத்துவார். அறிந்த குறையிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் அறியாத குறையைத் தேடிப் போகிறார். குறையென்று ஒன்றைத் தன் கையால் செய்து, அதைப் பத்திரமாகப் பாதுகாக்கும் தொழில் உலகில் எத்தனை இருக்கும்?

சந்தேகம் உறுதியானால் தண்டவாளத்தில் சிவப்புப் பெயிண்டால் குறி விழும். ஒரு பெருக்கல் குறி என்றால் கண்காணிக்க வேண்டியது. மூன்று என்றால் உடனே அகற்ற வேண்டியது. மூன்று விழுந்த இடத்தில் இருபக்கமும் தாங்கு பிளேட் போட்டு இறுக்குவார்கள். மாற்றும்வரை வண்டிகள் மெதுவாகவே கடக்கும். பாதையை நடந்து பார்க்கும் கீமேன் தன் நடையில் அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். பயணிக்கு எதுவும் தெரியாது. போடி நிலையத்தில் இறங்குகிறவர் ஏலக்காய் மணத்தைச் சொல்வாரே தவிர, வழியில் வெட்டி எடுக்கப்பட்ட ஒரு மீட்டர் எஃகைப் பற்றிப் பேச மாட்டார். பாலம் கட்டியவருக்குக் கல்வெட்டு உண்டு, பாதை திறந்தவருக்குப் படம் உண்டு. டிராலிக்குப் பின்னால் வெயிலில் நடந்து, நூறு பொய் முள்ளுக்கு நடுவில் ஒரு மெய் முள்ளைப் பிடித்தவரின் பெயர் பதிவேட்டில் ஒரு கையெழுத்தோடு நின்றுவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வெட்டி எடுத்த துண்டு சோதனைக்கூடத்துக்குப் போனால், அங்கே அதைக் குறையின் வழியாகவே உடைத்துத் திறப்பார்கள். தண்டவாளத்தின் தலைக்குள் சிறுநீரக வடிவத்தில் ஒரு கறை தெரியும். புள்ளியாகத் தொடங்கி, ஒவ்வொரு வண்டியும் ஏற ஏற வரி வரியாக வளர்ந்த தடம். பரிசோதகர் முன்பே எழுதி வைத்திருப்பார்: இத்தனை மில்லிமீட்டர் ஆழம், இந்தப் பக்கம் சாய்ந்த முகம், இவ்வளவு அகலம். இப்போது அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். ஒத்துப்போனால் அந்தத் தாள் கோப்பில் சேரும். ஒத்துப்போகாவிட்டால், அதே பாதையிலிருந்து வந்த இன்னொரு துண்டை எடுத்து, அதை உடைப்பதற்கு முன் எல்லாக் கோணத்திலும் மறுபடி ஓட்டிப் பார்க்கத் தொடங்குவார்.