உப்புப் பாறை சொல்லும் ஆழம்

சுண்ணாம்புப் பாறை எந்தச் சூழலில் படிந்தது என்று கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. அதில் பெரும்பகுதி உயிர்களின் ஓடும் கூடும்தான். பவளத்திட்டு வளர வெளிச்சம் வேண்டும். ஆகவே திட்டைப் பார்த்தவுடன் ஆழம் குறைந்த கடல் என்று துணிந்து எழுதலாம். ஜிப்சம், அன்ஹைட்ரைட், உப்புப் பாறைகளில் அந்த வசதி கிடையாது.

அதனால்தான் 1960களின் தொடக்கத்தில் அபுதாபிக் கரையின் உவர்வெளிகளில் கிடைத்த செய்தி அவ்வளவு வரவேற்புப் பெற்றது. அங்கே வண்டலுக்குள்ளேயே அன்ஹைட்ரைட் உருண்டைகள் வளர்ந்துகொண்டிருந்தன. பழைய பாறைகளில் கம்பிவலை போலத் தெரிந்த உருண்டைகளுக்கு அப்போதுதான் ஒரு நிகழ்கால ஆதாரம் கிடைத்தது. பிறகு உருண்டை கண்ட இடமெல்லாம் உவர்வெளி ஆனது; ஆர்வம் கொஞ்சம் மிஞ்சிவிட்டது.

1970-இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் மத்தியதரைக் கடலின் தரையைத் துளைத்தபோது அதே உருண்டைகளும் பாசிப்படலப் படிவுகளும் மேலே வந்தன. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடல் வற்றி, ஆழ்ந்த பள்ளத்தின் அடியில் உப்புத்தரை கிடந்தது என்று கென்னத் ஷூ, வில்லியம் ரயன், மரியா சீத்தா மூவரும் 1973-இல் வாதிட்டார்கள். துணிச்சலான வாதம். ஆனால் 1000 மீட்டர் ஆழக் கடல்நீர் முழுக்க வற்றினாலும் ஏறத்தாழ 15 மீட்டர் உப்புத்தான் மிஞ்சும். அங்கோ சில இடங்களில் உப்பின் தடிமன் ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. வற்றிய பின்னும் கடல்நீர் திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும், அல்லது வற்றாமலே வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வழியையும் ஒதுக்க முடியாது. தூத்துக்குடி உப்பளத்தில் நீர் முழங்கால் ஆழம்கூட இல்லை. சாக்கடலிலோ சுமார் 300 மீட்டர் ஆழத்தில் இன்றும் உப்பு படிகிறது. படிகத்துக்குத் தேவை அடர்ந்த உப்புநீர். அது எவ்வளவு ஆழம் நின்றது என்பது படிகத்தில் பதிவாவதில்லை. போதாக்குறைக்கு, புதையுண்ட ஜிப்சம் சூட்டில் நீரை இழந்து அன்ஹைட்ரைட்டாக மாறும்போதும் உருண்டைகள் தோன்றலாம்.

கடல் மட்டம் வெகுவாக இறங்கியதற்கு உருண்டையைவிட உறுதியான சான்று அஸ்வானில் இருக்கிறது. நைல் அங்கே கடல் மட்டத்துக்கும் கீழே வரை பாறையை அறுத்திருக்கிறது. ஆறு அவ்வளவு ஆழம் இறங்க வேண்டுமென்றால் அது கலக்கும் கடல் இறங்கியிருக்க வேண்டும். பாறையின் தோற்றத்தை மட்டும் நம்பிய வாசிப்பைவிட, நிலத்தோற்றத்தையும் சேர்த்த வாசிப்பையே நான் நம்புவேன். பாறைச் சான்றும் முழுமையானதல்ல: 1970-இன் துளைகள் மத்தியதரைக் கடல் உப்பின் மேற்பகுதியைத் தாண்டவில்லை.