பூங்காப் பட்டறையும் பெண் குழந்தையும்

விடுமுறை நாட்களில் நகரத்துப் பூங்காக்களில் சிறுமியரைக் கூட்டிவைத்து, உதிர்ந்த இலைகளில் வண்ணம் தோய்த்து அச்செடுக்கவும், களிமண்ணில் பறவை வனையவும், மரத்தடியில் அமர்ந்து கண்டதை வரையவும் பயிற்றுகின்ற பட்டறைகளைக் கண்டு பூரிப்போரும், இவை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோரும், அவற்றின் மெய்யான பிரயோஜனம் எதுவென்று ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

சித்திரத்துக்கும் இயற்கை ஞானத்துக்கும் உள்ள சம்பந்தம் அற்பமானதன்று. 1660இல், ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில், பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்துக் கவனிக்கத் தொடங்கிய மரியா சிபில்லா மேரியன், 1679இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு கம்பளிப்புழுவையும் அது தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். புழுவுக்கும் தழைக்குமுள்ள அந்த உறவைக் கண்ணாரக் கண்டு பதித்தமையாலேயே பூச்சியியலார் இன்றும் அவரைப் போற்றுகிறார்கள். எருக்கஞ்செடியில் ஊரும் வரிப்புழுவை அரைமணி நேரம் உற்று நோக்கி வரைகிற நம்மூர்ச் சிறுமிக்கும், பால் கண்ணில் தெறித்துவிடுமென்று வீட்டார் அச்சுறுத்திய அதே செடி ஒரு வண்ணத்துப்பூச்சிக்குத் தாய்வீடாயிருப்பது, எவரும் சொல்லாமலே விளங்கிவிடும்.

ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் அந்த அரைமணி நேரம் கிடைப்பதில்லை. மாலையில் பெற்றோர் படமெடுத்துக்கொள்ள எல்லாக் கைகளிலும் ஒரே மாதிரியான பொருள் இருந்தாக வேண்டும். இலை வெறும் மூலப்பொருளாகிவிடுகிறது, அது எந்த மரத்தினது என்று கேட்க யாருக்கும் அவகாசமில்லை. அடங்கி உட்கார்ந்து செய்யும் வேலையே பெண்களின் சுபாவத்துக்கு உகந்தது என்னும் பழைய எண்ணமும் இதில் ஒளிந்திருக்கிறது. (கோலத்திலும் பூத்தொடுப்பதிலும் நம் பெண்கள் என்றோ தேர்ந்துவிட்ட நுட்பத்தைத்தான் இப்போது கட்டணம் பெற்றுக்கொண்டு கற்பிக்கிறார்களோ என்று எனக்குச் சிலவேளை ஐயம் எழுவதுண்டு.)

இதனினும் பெரிய குறை, பூங்காவில் சிறுமியருக்கென்று இடமில்லாமை. வியன்னா நகராட்சியார் 1990களில் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஒன்பது வயது கடந்ததும் சிறுமியர் பொதுப் பூங்காக்களிலிருந்து மறைந்துவிடுவதும், சிறுவர் தொகை அவ்வாறு குறையாதிருப்பதும் தெரியவந்தன. திடலைச் சிறுவர் கைக்கொண்டபின், போட்டியிட மனமின்றிப் பெண்கள் விலகிப்போயினர். 1999இல் அந்நகரின் மார்கரேட்டன் வட்டாரத்துப் பூங்காக்கள் இரண்டைத் திருத்தி, வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளும் கைப்பந்து, இறகுப்பந்து ஆடுமிடங்களும் அமைத்த பின்னர் அவர்கள் திரும்பி வந்தனர். அங்கே ஆசிரியரும் இல்லை, வண்ணப்பெட்டியும் இல்லை, இடம் இருந்தது.

நம் நகரங்களிலோ, வயதுக்கு வந்த மகளைத் தனியே பூங்காவுக்கு அனுப்பத் துணியாத தாய், 'க்ளாஸ்' என்ற ஒரு சொல்லுக்காக இசைந்துவிடுகிறாள். பட்டறையின் தலையாய பயன் இந்த அனுமதிதான் என்பது என் அபிப்பிராயம். அது இரண்டு மணி நேரத்தில் காலாவதியாகிவிடுவதே அதன் தலையாய குறையும் ஆகும். ஒரே கூட்டத்தார் ஒரே சரக்கொன்றையடியில் ஆண்டு முழுவதும் வாரந்தோறும் கூடி, அது சித்திரையில் பூத்துக் குலுங்குவதையும் ஐப்பசி மழையில் நனைந்து நிற்பதையும் கண்டு, பாதி நேரம் யாதொரு பாடமுமின்றி மரமேறியும் சேற்றில் உழன்றும் திரிவார்களாயின், அப்பூங்கா நாளடைவில் அவர்களுக்குச் சொந்தமாகக் கூடும். அதற்கும் முன்னே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: கழிப்பறை பூட்டிக்கிடக்கும் பூங்காவில், எத்துணை உயர்ந்த ஓவிய ஆசிரியை வந்து பயிற்றினாலும், பன்னிரண்டு வயதுப் பெண் நெடுநேரம் தங்கமாட்டாளாதலின், பட்டறைக்கென்று திரட்டும் பணத்தில் முதற்பங்கு கழிப்பறைக்கே சேரட்டும், வண்ணங்களைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.