வருந்தியவர் யார், வருத்தியவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராக இருந்தேன். புகாருக்கு உள்ளான ஆசிரியர் ஒரே வரியில் கடிதம் கொடுத்தார்: ‘என் பேச்சு யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்.’ குழுவுக்கு அது போதுமானதாக இருந்தது. புகார் கொடுத்த மாணவி மட்டும் கேட்டாள்: “அவர் வருந்துறதுக்கு நான் என்ன மேடம் செய்யணும்?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ‘வருந்துதல்’ என்ற சொல்லை நான் உற்றுப் பார்த்தேன்.

இன்று அது பெரும்பாலும் மனத்தைச் சார்ந்த சொல். ஆனால் அதற்குள் உடலும் இருக்கிறது. 619ஆம் குறளில் வருத்தம் என்பது துயரம் அல்ல, உடம்பு படும் பாடு. அதற்குக் கூலி உண்டு என்கிறார் வள்ளுவர். யாழ்ப்பாணத் தமிழில் வருத்தம் என்றால் நோய், நோயாளி வருத்தக்காரர். ‘வருந்தி வருந்தி அழைத்தார்கள்’ என்று சொல்லும்போதும் கவலையை அல்ல, விடாமுயற்சியையே குறிக்கிறோம். இந்த இடங்களில் எல்லாம் வருந்துபவர் எதையோ தாங்குகிறார், அல்லது பாடுபடுகிறார்.

‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று தொலைக்காட்சித் திரையில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே யாரும் எதையும் தாங்குவதில்லை. சற்று நேரத்தில் நிகழ்ச்சி தொடரும். ஆசிரியரின் கடிதமும் அப்படிப்பட்ட அறிவிப்புத்தான்.

திருந்து–திருத்து, வருந்து–வருத்து. மெல்லினம் வல்லினமாக மாறும்போது தன்வினை பிறவினையாகிறது. நடந்தது பிறவினை, கடிதம் எழுதப்பட்டதோ தன்வினையில். வகுப்புக்கு வர முடியாமல், உறக்கமில்லாமல் வருந்தியவள் அவள். அவளுடைய வினைச்சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். ‘இருந்தால்’ என்பது நடந்ததைச் சந்தேகமாக்கியது. ‘யார் மனதையாவது’ என்பது, எதிரில் உட்கார்ந்திருந்தவளை இல்லாமல் ஆக்கியது.

அந்தக் கடிதத்தை ஏற்றுக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. தமிழ் படித்தவள் அதைத் தடுத்திருக்க வேண்டும்.

இப்போது தன்வினை, பிறவினை நடத்தும்போது அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, நடந்தது தெரியும்படி மாற்றச் சொல்கிறேன். மாணவிகள் அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. ‘நான் உன்னை வருத்தினேன்’ என்று எழுதுகிறார்கள். எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது. மன்னிப்பைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.