ஒலி மாற்றமா, கூற்று மாற்றமா? ஹிப்ஹாப் தமிழா குறித்த ரசிகர் விவாதமும் தொல்காப்பிய முன்னமும்

ஆய்வுச்சுருக்கம்

கோவையில் வேர்கொண்ட ஹிப்ஹாப் தமிழா இசை இரட்டையர் தனிப்பாடல் தொகுப்பிலிருந்து திரையிசைக்கு நகர்ந்ததைத் தொடர்ந்து, அவர்தம் ஒலி மாறிவிட்டது என்னும் குறை ரசிகரிடையே எழுந்தது. இவ்விவாதம் ஒலியைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் பாடலில் பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார் என்பதைப் பற்றியதே என இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகிய உறுப்புகள் இதற்கு ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஹிப்ஹாப் தமிழா, தமிழ் ராப், கூற்று, முன்னம், தொடை, கொங்கு நாடு, திரையிசை.

முன்னுரை

ஓர் இசைக்குழு தன் ஒலியை மாற்றும்போது அதன் தொடக்ககால ரசிகர்கள் மனம் வருந்துவது உலகெங்கும் காணப்படும் நிகழ்வாகும். 1965இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாருடன் மேடையேறியபோது அவையில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர். 1997இல் 'ஓகே கம்ப்யூட்டர்' தொகுப்பால் புகழின் உச்சியை எட்டிய ரேடியோஹெட் குழு, 2000ஆம் ஆண்டில் 'கிட் ஏ' தொகுப்பில் கிதாரைப் பின்னுக்குத் தள்ளி மின்னணு ஒலிகளை முன்வைத்தபோது அதன் ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்தனர்.

தமிழ்ச் சூழலில் இத்தகைய விவாதம் எழுவது அரிது. திரையிசையே இசைச் சந்தையின் பெரும்பகுதியாக விளங்கும் இங்கு, 'குழுவின் தனி ஒலி' என்னும் எண்ணம் நிலைபெறுவதற்கான வாய்ப்பு குறைவு. அவ்வகையில், ஆதி, ஜீவா ஆகிய இருவரைக் கொண்ட ஹிப்ஹாப் தமிழா குறித்த விவாதம் தனிக் கவனத்திற்குரியது. 2012இல் வெளிவந்த 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பின் வழித் திரைப்படத் துணையின்றியே கேட்போரைத் திரட்டிய இக்குழு, 2015இல் 'ஆம்பள' படத்தின் வழித் திரை இசையமைப்புக்கு வந்தது. 'முன்புபோல் இல்லை' என்னும் குறை அன்றிலிருந்து தொடர்கிறது. அக்குறையின் பொருள் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

விவாதத்தின் மூன்று நிலைப்பாடுகள்

ரசிகர் உரையாடலில் மூன்று நிலைப்பாடுகளைப் பிரித்தறியலாம். முதலாவது, தனிப்பாடல் காலமே உண்மையானது, திரையிசை அதன் வீழ்ச்சி என்பது. இரண்டாவது, கலைஞன் மாறுவது இயல்பு, மாற்றமே வளர்ச்சி என்பது. மூன்றாவது, திரையிசையின்றித் தமிழில் இசைக்கலைஞன் வாழ இயலாது, எனவே இது தேவையால் நேர்ந்தது என்பது.

மூன்றாவது நிலைப்பாடு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. இசையைத் தொழிலாக நடத்துவது எவ்வாறு என்பது ஆதியே ஆராய்ந்த பொருளாகும். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில்முனைவு குறித்து ஆய்வு செய்து அவர் முனைவர் பட்டம் பெற்றுள்ளார். எனினும், சந்தை என்பது மாற்றம் ஏன் நேர்ந்தது என்பதை விளக்குமேயன்றி, மாறியது எது என்பதை விளக்காது. முதலிரு நிலைப்பாடுகளோ மாறியது ஒலியே என்பதை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றன. ஒருவர் அதனை இழப்பு என்கிறார், மற்றவர் வளர்ச்சி என்கிறார். இருவரும் ஏற்கும் அந்த அடிப்படையையே முதலில் சோதிக்க வேண்டியுள்ளது.

தொடையும் தாளமும்: மாறாதவை

தமிழ் ராப் இக்குழுவுடன் தொடங்கியதன்று. 1994இல் 'காதலன்' படத்தில் இடம்பெற்ற 'பேட்டை ராப்' திரையிசையில் அதற்கு இடமளித்தது. 2006இல் மலேசியாவின் யோகி பி மற்றும் நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, தமிழில் முழுமையான ராப் இயலும் என்பதை நிறுவியது. இம்மரபைப் பின்பற்றி வந்தவர்களே ஹிப்ஹாப் தமிழா குழுவினர்.

தமிழில் ராப் பாடுவோர் அனைவரும் ஒரு யாப்புச் சிக்கலை எதிர்கொள்கின்றனர். ராப், நான்கு தட்டுகள் கொண்ட தாள அலகின் இறுதியில் ஒலி ஒன்றுவதை எதிர்பார்ப்பது. தமிழ்ச் செய்யுள் மரபோ அடியின் முதலில் அமையும் மோனைக்கும் எதுகைக்கும் முதன்மை தந்தது. அடியிறுதியில் ஒன்றும் இயைபுத்தொடை தமிழில் உண்டெனினும், அதனை அமைப்பது மிக எளிது. வினைமுற்று விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் சொல்லிறுதியில் நிற்பதால், 'வந்தான்', 'சென்றான்' என அடுக்கினாலே இயைபு கிட்டிவிடும். எளிதில் கிட்டும் இயைபு செவிக்கு விரைவில் சலிப்பூட்டும். எனவே, இறுதி இயைபுடன் அடியின் உள்ளே எதுகையையும் மோனையையும் செறிப்பதே தமிழ் ராப்பின் திறமாகிறது.

பேச்சு வழக்கு இங்கு வெறும் நடைத் தேர்வாக நிற்பதில்லை. அது தாளத்தின் தேவையாகவும் உள்ளது. 'வருகிறான்' என்பது 'வர்றான்' எனச் சுருங்கும்போது எழுத்து குறைகிறது, மெய்ம்மயக்கம் மிகுகிறது, தட்டுக்கு இயைந்த அழுத்தம் பிறக்கிறது. தொல்காப்பியம் கூறும் எட்டு வனப்புகளுள், வழக்குமொழியில் அமைந்து ஆராயாமலே பொருள் விளங்கும் 'புலன்' என்பதற்கும், புதிதாகப் புனையப்படும் 'விருந்து' என்பதற்கும் இவ்வகைப் பாடல்கள் இக்கால எடுத்துக்காட்டுகள் எனலாம்.

இவ்வியல்புகள் 2012க்கு முன்னும் பின்னும் இக்குழுவின் ராப் பகுதிகளில் தொடர்கின்றன. பேச்சு வழக்கு, இறுதி இயைபு, ஆங்கிலச் சொற்கலப்பு, சேர்ந்து பாடத்தக்க பல்லவி ஆகியவை திரைப்பாடல்களிலும் உள்ளன. கருவியிசையின் செழுமை மிகுந்துள்ளது, மெல்லிசைக் காதல் பாடல்கள் எண்ணிக்கையில் கூடியுள்ளன. இவ்வளவு தொடர்ச்சி இருந்தும் ரசிகர் முற்றிலும் வேறொன்றைக் கேட்பதாக உணர்வதேன்?

கூற்றும் முன்னமும்: மாறியவை

தொல்காப்பியம் செய்யுள் உறுப்புகளை முப்பத்துநான்காக வகுக்கிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன் ஆகியவை அடுத்தடுத்து எண்ணப்படுகின்றன. பின்னர் வரும் 'முன்னம்' என்னும் உறுப்பு, இவ்விடத்தில் இச்சொல் இன்னார் இன்னாரிடம் கூறுதற்கு உரியது எனக் கேட்போர் உய்த்துணரும் வகையில் செய்யுள் அமைதலைக் குறிக்கிறது. ஒரு பாடலின் பொருள் அதன் சொற்களிலிருந்து மட்டும் பிறப்பதில்லை என்னும் தெளிவு இவ்வுறுப்பில் அடங்கியுள்ளது.

ராப் இசையின் அடிப்படை முன்னம், பாடுபவரே பேசுபவர் என்பதாகும். 'நான்' என்று வருமிடத்தில் கேட்போர் ஒரு பாத்திரத்தை எண்ணுவதில்லை, பாடகரையே எண்ணுகின்றனர். 2012இன் தொகுப்பைக் கேட்ட கோவைக் கல்லூரி மாணவர், தம்மைப் போன்ற ஒருவர், தம் ஊரைச் சேர்ந்த ஒருவர் தம்மிடம் நேரே பேசுவதாக உணர்ந்தார். இதனைத் தற்கூற்று எனலாம்.

திரைப்பாடலின் முன்னம் வேறு. அங்குக் கூற்று பாத்திரத்திற்கு உரியது. 2015இல் வெளிவந்த 'தனி ஒருவன்' படத்தின் 'தீமைதான் வெல்லும்' பாடல் இதற்குச் சிறந்த சான்று. ஒலியளவில் இது முந்தைய தனிப்பாடல்களுக்கு நெருக்கமானது. ஆயினும் இது எதிர்நாயகனின் கூற்று. தீமையே வெல்லும் என்பது ஆதியின் கருத்து என எவரும் கொள்வதில்லை. ஒலி நெருங்கியிருந்தும் முன்னம் முற்றிலும் மாறிவிட்டது. ரசிகர் 'ஒலி மாறிவிட்டது' எனச் சுட்டுவது, தம்மிடம் நேரே பேசிய குரல் இப்போது பிறர்பொருட்டுப் பேசுகிறது என்பதையே.

2017இல் ஆதி இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு' இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. இசைக்காகச் சென்னை செல்லும் கோவை இளைஞனின் கதை அவரது சொந்த வாழ்வை ஒட்டியது. பாத்திரமும் பாடகரும் ஒருவராயினர். இதனைக் கலப்புக் கூற்று எனலாம். தன்வரலாற்றுத் தன்மை கொண்ட இப்படத்தில் ரசிகரின் குறை தணிய இடமிருந்தது. 2020இல் 'நான் ஒரு ஏலியன்' என்னும் தனித்தொகுப்பு வெளிவந்தது. தற்கூற்றுக்குத் திரும்பும் முயற்சி இது. ஆயினும், இங்குப் பேசும் 'நான்' திரையில் நாயகனாக அறியப்பட்டுவிட்ட ஒருவர். அறியப்படாத இளைஞனாக 2012இல் பேசிய 'நான்' மீண்டும் வர இயலாது. பழைய ஒலிக்குத் திரும்பினும் பழைய முன்னம் திரும்புவதில்லை என்பதால், இத்தகைய மீள்வருகைகள் ரசிகரை முழுமையாக நிறைவுசெய்வது அரிதாகிறது.

கொங்கு நாட்டின் முன்னோடி

கொங்கு நாட்டுக் குரலொன்று களம் மாறியது இது முதன்முறையன்று. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் நாடக மேடையிலும் இசைத்தட்டிலும் புகழ்பெற்ற பின் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடினார். ஒரு பெண் ஆண் அடியவராக வேடமேற்றபோதும், அக்குரலைக் கேட்போர் சுந்தராம்பாளின் குரலாகவே கேட்டனர். அவர் வழங்கியவை மேடையிலும் பெரும்பாலும் பாத்திரக் கூற்றுகளே. எனவே, களன் மாறியபோதும் முன்னம் பெரிதும் குலையவில்லை. ஆதியின் நிலை இதற்கு மாறானது. தற்கூற்றில் தொடங்கியவர் என்பதால் களமாற்றம் அவருக்குக் கூற்று மாற்றமாகவும் ஆயிற்று.

தற்கூற்றின் பொறுப்பு

இதுவரை கூறியவை தனிப்பாடல் காலமே உயர்ந்தது என்னும் முதல் நிலைப்பாட்டிற்கு ஆதரவாகத் தோன்றலாம். அவ்வாறன்று. தற்கூற்று நெருக்கத்தைத் தருவது போலவே பொறுப்பையும் சுமத்துகிறது. 2011இல் பரவலான 'கிளப்புல மப்புல' பாடல், மது அருந்தும் பெண்களைக் கடிந்துரைப்பது. பெண்களின் நடத்தையைக் கண்காணிக்கும் ஆணின் குரல் அது என்னும் கண்டனமும் எழுந்தது. இப்பாடலைப் பாத்திரத்தின் கூற்று எனக் கூறித் தப்ப இயலாது. பழைய ஒலியை விரும்பி நினைவுகூரும் ரசிகர், அவ்வொலி சுமந்துவந்த இக்கருத்தையும் எதிர்கொண்டாக வேண்டும்.

2017 ஜனவரியில் ஏறுதழுவல் போராட்டத்தின்போது 'டக்கரு டக்கரு' பாடல் களங்களில் ஒலித்தது. கோவை வ.உ.சி. மைதானத்திலும் இளைஞர் திரண்ட அந்நாட்களில், ஒருவரின் 'நான்' கூட்டத்தின் 'நாம்' ஆயிற்று. அம்மாத இறுதிக்குள் போராட்டத்தின் போக்கில் உடன்பாடில்லை எனக் கூறி ஆதி காணொளி வழியே விலகியபோது, ரசிகரிடையே கடும் விவாதம் மூண்டது. அவ்விவாதத்தில் எவரும் தாளத்தையோ கருவியையோ பேசவில்லை. எம் குரலாக நின்றவர் எம்மைக் கேளாமல் விலகலாமா என்பதே வினா. விவாதத்தின் உட்பொருள் கூற்றே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இன்னொரு வினாவையும் ரசிகர் விவாதம் தொடுவதில்லை. 'தமிழன்' என்னும் பெயரில் பேசும் இந்த 'நான்' எத்தமிழன்? 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாடல்களில் பேசுவோரின் சமூக இடம் வெளிப்படையாகச் சுட்டப்படுகிறது. ஹிப்ஹாப் தமிழாவின் தமிழனோ சாதி, வட்டாரம் ஆகியவற்றைச் சொல்லாமல் விடும் பொதுமனிதன். மரியாதை விகுதிகளால் தனித்தறியப்படும் கொங்கு வழக்குகூட இப்பாடல்களில் பெரும்பாலும் முன்னிற்பதில்லை. இப்பொதுமை பலரும் தம்மை இணைத்துக்கொள்ள இடமளித்தது. அதே பொதுமை, சாதிப் படிநிலை அன்றாட வாழ்வில் அழுந்தப் பதிந்த ஒரு நிலப்பகுதியில் யாருடைய அனுபவம் பொதுவானதாகக் கொள்ளப்படுகிறது என்னும் வினாவை மறைக்கவும் செய்தது. 'எம்மிடம் பேசினார்' என்னும் ரசிகரின் நினைவில், அந்த 'எம்' தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டதுதான்.

முடிவுரை

ஹிப்ஹாப் தமிழா குறித்த ரசிகர் விவாதம் ஒலியின் பெயரால் நடப்பினும், அதன் அடிப்படை கூற்றின் மாற்றமே என்பது மேற்கண்டவற்றால் புலனாகிறது. தொடை, வழக்குமொழி, தாளம் ஆகியவற்றில் தொடர்ச்சி மிகுதி. கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றில் மாற்றம் மிகுதி. எனவே, ரசிகரின் குறையைப் பழமை ஏக்கம் என ஒதுக்குவதும், கலைஞரின் மாற்றத்தை விலைபோதல் எனப் பழிப்பதும் பொருந்தா. முன்னவர் தம்மிடம் பேசப்பட்ட உறவை இழந்துள்ளனர், அவ்விழப்பு உண்மையானது. பின்னவரோ தற்கூற்றின் பொறுப்பிலிருந்து பாத்திரக் கூற்றின் விரிவுக்குச் சென்றுள்ளார், அவ்விரிவும் உண்மையானது.

தமிழ் வெகுமக்கள் இசையை ஆராய்வோர், இசையியல் கலைச்சொற்களுக்கு முன்னரே தம் கைவசமுள்ள செய்யுளியல் உறுப்புகளைப் பயன்படுத்த இயலும் என்பதை இவ்வாய்வு காட்டுகிறது. யார், யாரிடம், எவ்விடத்தில் பேசுகிறார் என்னும் வினா, சங்கப் பாடலுக்குப் பொருந்துவது போலவே கோவைக் கல்லூரி விடுதியில் ஒலிக்கும் பாடலுக்கும் பொருந்துகிறது.