இடுக்கின் வேலை

குளியலறைத் தரையில் எல்லோரும் பார்ப்பது டைல்ஸை. தரையின் ஆயுளைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அவற்றுக்கு நடுவே ஓடும் மெல்லிய கிரவுட் கோட்டுக்கு. அது கறுத்து உதிரத் தொடங்கினால், மேலாகக் கொஞ்சம் ஒயிட் சிமெண்டைக் குழைத்துத் தடவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பூச்சு சீக்கிரமே பெயர்ந்து வருவதில் வியப்பில்லை; அழுக்கும் சோப்பும் ஊறிய பழைய பரப்பைப் புதியது பற்றாது. பழையதை டைல் கனத்தில் பாதி ஆழத்துக்காவது சுரண்டி, தூசி நீக்கி நிரப்பினால்தான் பிடிப்பு. இந்த வேலையின் அழகே சுரண்டுவதில்தான் இருக்கிறது என்பேன். டைல் விளிம்பு சிதறாமல் ஒவ்வோர் இடுக்காகக் கீறி எடுக்கும் பொறுமைக்கு மாற்றே கிடையாது. கலவைக்கும் அதே நிதானம் வேண்டும். தண்ணீர் கூடினால் பூசுவது சுலபம். ஆனால் அந்த உபரி நீர் ஆவியாகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது, கோடு சுருங்கி விரிசல் விடுகிறது.

எபாக்ஸி பூசிவிட்டால் தொல்லை தீராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அது நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, கறையும் எளிதில் பிடிக்காது. ஆனால் விலை அதிகம், வேகமாக இறுகும், டைல் மேல் படிந்து காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. முதன்முதலாகக் கை வைப்பவருக்கு சிமெண்ட் கிரவுட்டே ஏற்றது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால் மட்டும் கிரவுட்டை நம்பி இருக்க வேண்டாம். நீரைத் தடுக்க வேண்டியது டைலுக்கு அடியிலுள்ள வாட்டர்ப்ரூஃபிங். சுவரும் தரையும் தனித்தனியே அசைவதால், அவை சேரும் மூலைக்கு சிலிக்கான் சீலன்ட்தான் சரி. வேலை முடிந்தபின் தயவுசெய்து பாத்ரூம் ஆசிட்டை அங்கே ஊற்றாதீர்கள். அது கறையோடு சிமெண்டையும் சேர்த்தே அரிக்கும்.